கீரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்



அரவக்குறிச்சி பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். "வேற யாருக்காவது ஏதாவது பேசணுமா?" என்று கேட்டோம். சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மெதுவாக எழுந்தார்.

"ஏனுங்க மேடம், பெரியாஸ்பத்திரியில கீரையைப் பார்த்துச் சாப்பிடுங்கங்கறாங்க. முகாமுக்கு வந்தவங்க கீரையை நெறையாச் சாப்பிடுங்கங்கறாங்க. எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம், கறி வேண்டாம். இப்பக் கீரையும் வேண்டாம்னா நான் எதைத்தானுங்க திங்கறது?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அது உயிர் போகிற கேள்வி. உண்மையிலேயே ஒரு தடவை உயிர் போகப் பார்த்தது. அவரிடம் சம்மதம் கேட்டு, பெயர் போடாமல், அவர் கதையையும் அதிலிருந்து நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதையும் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

அக்காவுக்கு என்ன நடந்தது?

சின்ன வயதில் அவருக்கு அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வரும். மூட்டு மூட்டாக வீங்கும். வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். அந்த மாதிரித் தொண்டைப் புண்ணைச் சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அது வாதக் காய்ச்சலாக மாறி இதயத்தின் வால்வைக் கெடுத்துவிடும். அப்போது வெளியே தெரியாது. இருபது, முப்பது வயதில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். அக்காவுக்கும் அப்படித்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன வால்வுக்குப் பதில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்று முதல் தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை. செயற்கை வால்வின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான மாத்திரை அது. ஒரு நாள் கூட அவர் தவறவிட்டதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. பரிசோதனையில் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று வந்தது. "எண்ணெயைக் குறைங்க, தேங்காயைக் குறைங்க, கீரை, காய் நெறையாச் சாப்பிடுங்க" என்றார்கள். அது தப்பான புத்தி இல்லை. யாருக்கும் சொல்லக்கூடிய நல்ல புத்திதான். ஆனால் தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

அவர் வீட்டைச் சுற்றி நாலு முருங்கை மரம். மழை பெய்து தழை நன்றாகத் துளிர்த்திருந்தது. காலையில் முருங்கைக்கீரை சூப், ராத்திரி கீரைப் பொரியல், நடுவில் கேழ்வரகு மாவில் கீரை போட்டு அடை. தாளிக்கக் கூட எண்ணெய் விடுவதில்லை. விதைப்பு வேலை வந்ததால் இரண்டு மாதம் ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை, கையில் இருந்த டம்ளர் தானாகக் கீழே விழுந்தது. பேச வாயெடுத்தால் வார்த்தை குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. "பித்தம், கொஞ்சம் படு" என்றார் மாமியார். பக்கத்து வீட்டில் இருந்த குழு ஊக்குநர் கேட்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஐ.என்.ஆர். 1.4. அவருக்கு இருக்க வேண்டியது 2.5-க்கு மேல். சின்ன ரத்தக்கட்டு ஒன்று மூளைக்குப் போகும் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துத் தானாகக் கரைந்திருக்கிறது. கரையாமல் இருந்திருந்தால் கை கால் போயிருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். அக்கா பயந்துபோய், இனிமேல் கீரையே வேண்டாம் என்று அடியோடு நிறுத்திவிட்டார். நிறுத்தியதையும் டாக்டரிடம் சொல்லவில்லை. தை மாதம் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. தொடையில் அடிபடாமலே நீலம் பாய்ந்தது. இந்தத் தடவை ஐ.என்.ஆர். 5.2. அதுவும் ஆபத்துதான்.

ஒரே ஆள், ஒரே மாத்திரை. ஒரு தடவை ரத்தம் கட்டியது, ஒரு தடவை ரத்தம் நிற்கவில்லை. நடுவில் மாறியது சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திரையைச் சரிசெய்ய டாக்டருக்குச் சேதி போகவில்லை.

இந்தப் பாடம் யாருக்கு?

ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறோம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எல்லா மாத்திரையும் ஒன்று இல்லை. முதலில் உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

1. வார்ஃபரின், அல்லது அசிட்ரோம் என்ற பெயரில் வரும் அசெனோகுமரால் என்று எழுதியிருந்தால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். செயற்கை வால்வு வைத்தவர்கள், வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்களில் சிலர் இதைச் சாப்பிடுவார்கள்.

2. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று இருந்தால் அது வேறு வகை. மாரடைப்பு வந்தவர்களுக்கும், ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் கொடுப்பது. அதற்கும் கீரைக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கீரையை நிறுத்தாதீர்கள்.

3. ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் என்ற புது மாத்திரைகள் இருந்தால் அதற்கும் கீரைக் கட்டுப்பாடு இல்லை. "அப்ப எனக்கும் அதையே கொடுக்கச் சொல்லலாமே" என்று கேட்பீர்கள். உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வை, ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் அதிகமானதால் நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு 2013-ல் வெளிவந்தது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் தாறுமாறானவர்களிடம் ரிவராக்சபானை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. அதிலும் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே பலன் அதிகமாக இருந்தது. அதனால் நம் அக்காவைப் போன்றவர்களுக்குப் பழைய மாத்திரைதான். நீங்களாக மாற்றக் கூடாது.

மாத்திரை என்ன செய்கிறது?

கையில் அரிவாள் பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது அல்லவா? அதற்கு வேண்டிய சில பொருள்களை ஈரல் தயாரிக்கிறது. தயாரிக்க அதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்த மாத்திரை அந்த வைட்டமினை முழுதாக வேலை செய்ய விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் ரத்தம் உறைய நேரம் கூடுகிறது.

வைட்டமின் கே எங்கே இருக்கிறது? பச்சை இலைகளில்தான் அதிகம். மாத்திரை ஒரு பக்கம் இழுக்கிறது, கீரை மறுபக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுத்தால் கயிறு நடுவில் நிற்கும்.

இந்த வைட்டமினைக் கண்டுபிடித்த கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1929-ல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம், கோழிக் குஞ்சுகளுக்குக் கொழுப்பை அடியோடு எடுத்துவிட்ட தீனியைக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. கொழுப்போடு சேர்ந்து இன்னொரு பொருளும் தீனியிலிருந்து போய்விட்டது என்று கண்டார். அதுதான் வைட்டமின் கே. அதற்காக 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அதாவது வைட்டமின் கே கொழுப்பில் கரையும் வகை. சாப்பாட்டில் கொஞ்சமாவது எண்ணெய் இருந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். எண்ணெயை அடியோடு நிறுத்தினாலும் கணக்கு மாறும், கீரையைக் கூட்டினாலும் கணக்கு மாறும். கொழுப்பைக் குறைக்கச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் யோசித்து, நிதானமாக மாற வேண்டும்.

"அது எலி மருந்தாமே?" என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக வந்தது உண்மைதான். 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அளவு சரியாக இருந்தால் மருந்து, அளவு தவறினால் ஆபத்து. பயந்து நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

ஐ.என்.ஆர். என்றால் என்ன?

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு 1 பக்கத்தில் இருக்கும். கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் வால்வு என்ற இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரைக் கேட்டு, நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் குறைந்தால் ரத்தம் கட்டும். எண் கூடினால் ரத்தம் கசியும். எண் நிலையாக இருப்பவர்களும் டாக்டர் சொன்ன நாளில், பெரும்பாலும் மாதம் ஒரு தடவை, பார்க்க வேண்டும்.

நம் சேமிப்பு சொல்லிக் கொடுக்கும் கணக்கு

நம் குழுவில் வாரம் 50 ரூபாய் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாராவாரம் 50 கட்டுகிறார். இன்னொருவர் மூன்று வாரம் கட்டாமல் நாலாவது வாரம் 200 ரூபாயாகக் கொண்டுவருகிறார். மாதக் கடைசியில் மொத்தம் ஒன்றுதான். ஆனால் நடுவில் பதிவேடு எழுதுபவர் பாடு திண்டாட்டம். வரவு எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அதற்குத் தக்கபடி கடன் கொடுக்க முடியும்.

உங்கள் டாக்டரும் கணக்கு எழுதுபவர் மாதிரிதான். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கீரைக்குத் தகுந்த மாதிரிதான் மாத்திரை அளவைக் குறித்துக் கொடுக்கிறார். கீரை சாப்பிடலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அந்த அளவை மாற்றாமல் சாப்பிடுங்கள். கீரையே தொடாதவர்களுக்கு உடம்பில் வைட்டமின் இருப்பு இருக்காது. அவர்கள் ஒரு நாள் கல்யாண வீட்டில் ஒரு கரண்டி கீரை சாப்பிட்டாலும் எண் ஆடிவிடும். கொஞ்சமாக, ஒழுங்காகச் சாப்பிடுவதே நல்லது. நமக்கு ரத்தசோகை வேறு இருக்கிறது, கீரையை விட முடியுமா?

காய்களை மூன்று வரிசையாகப் பிரிப்போம்

முதல் வரிசை, அளவு பார்க்க வேண்டியவை: முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளிக்கீரை, பாலக் என எல்லாக் கீரைகளும். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை தாளிப்பில் நாலு இலை போட்டால் கவலை இல்லை. துவையலாகவும் பொடியாகவும் அள்ளிச் சாப்பிட்டால் அதுவும் கீரைக் கணக்குதான்.

இரண்டாம் வரிசை, நடுத்தரம்: முட்டைக்கோஸ், பீன்ஸ், வெண்டைக்காய், பச்சைப் பட்டாணி. வழக்கமான அளவில் சாப்பிடலாம். விலை மலிவாக இருக்கிறது என்று வாரம் முழுக்க முட்டைக்கோஸாகவே செய்யாதீர்கள்.

மூன்றாம் வரிசை, தாராளமாகச் சாப்பிடலாம்: தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பூசணி, சுரைக்காய். பழத்தில் வாழைப்பழம், கொய்யா, பப்பாளிப்பழம், ஆரஞ்சு.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 100 கிராம் பாலக் கீரையில் சுமார் 480 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. அதே எடை முட்டைக்கோஸில் சுமார் 75. கேரட்டில் சுமார் 13. தக்காளியில் 8. கொழுப்பைக் குறைக்கக் "காய் நிறையச் சாப்பிடுங்கள்" என்று சொன்னால், கூட்ட வேண்டியது மூன்றாம் வரிசைக் காய்களை. கீரை பழைய அளவிலேயே இருக்கட்டும். அக்கா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

எண்ணெயை எப்படிக் குறைப்பது?

மீதிப் பதில் எண்ணெய்ப் பாத்திரத்தில் இருக்கிறது.

1. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டீஸ்பூன் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 2 லிட்டருக்குள். மாதம் பிறந்ததும் அதைத் தனியாக அளந்து வையுங்கள். பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாதீர்கள். டீஸ்பூனால் அளந்து விடுங்கள்.

2. இப்போது மாதம் 4 லிட்டர் செலவாகிறது என்றால் ஒரே நாளில் 2 லிட்டராக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். அடுத்த முறை ரத்தம் பார்க்கும்போது "எண்ணெயைக் குறைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. எண்ணெயே இல்லாமல் சமைக்க வேண்டாம். கோழிக் குஞ்சுக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. எண்ணெயை மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். சோயா எண்ணெயில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. கடலை எண்ணெயில் இல்லையென்றே சொல்லலாம். எதற்கும் பாக்கெட்டின் மேல் என்ன எண்ணெய் என்று படித்து வாங்குங்கள்.

5. பாமாயிலில் ஏறக்குறைய பாதி, இதயத்துக்கு ஆகாத கெட்டியான வகைக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது இன்னும் அதிகம். ரேஷன் பாமாயிலை வாங்குகிறோம், என்ன செய்வது? அதைத் தாளிக்க மட்டும் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, பொரிப்பதை நிறுத்தினாலே பாதி ஜெயித்த மாதிரி. ஒரு தடவை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

6. 100 கிராம் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு. குழம்புக்குத் தேங்காய் அரைப்பதற்குப் பதில் பொட்டுக்கடலை, சின்ன வெங்காயம், தக்காளி அரைத்து விடலாம்.

7. ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3 சதவீதம். வீட்டு மாட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிடுங்கள். மோர் நல்லது.

8. கறி எடுத்தால் கோழியைத் தோல் நீக்கி வாங்குங்கள். மீனை வறுக்காமல் குழம்பாக வையுங்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கொள்ளு ரசம் எல்லாம் சத்தும் கொடுக்கும், செலவும் குறைவு.

ஒரு வாரத்துக்கு ஒரு மாதிரி

இது அக்காவும் அவர் டாக்டரும் பேசி முடிவு செய்தது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

திங்கள், புதன், வெள்ளி: மதியச் சாப்பாட்டில் ஒரு குழிக்கரண்டி கீரை. கீரை எந்த வகையாக இருந்தாலும் கரண்டி அதே கரண்டி.

மற்ற நாள்கள்: கத்தரிக்காய், சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, கேரட்.

தினமும்: காலையில் கம்பங்கூழ் அல்லது இட்லி, மதியம் சோறு, பருப்பு, காய், ராத்திரி கேழ்வரகு. ஏதாவது ஒரு பயறு. ஒரு பழம். மோர்.

சாயங்காலம் 6 மணிக்கு மாத்திரை. மறந்துவிட்டால் அன்று ராத்திரிக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

எங்கே தடம் மாறும்?

சாதாரண நாளில் ஒழுங்காக இருப்போம். தடம் மாறுவது விசேஷத்திலும் காய்ச்சலிலும்தான்.

ஆடியில் கோயிலில் கூழும் முருங்கைக்கீரையும் ஊற்றுவார்கள். சாப்பிடுங்கள், அன்று வீட்டில் கீரை வேண்டாம். புரட்டாசியில் கறி இல்லை என்று கீரையைக் கூட்டாதீர்கள். விரதம் என்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் எண் கூடும். வயிற்றுப்போக்கு வந்து இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலும் கூடும். மழைக்காலத்தில் வேலியோரமெல்லாம் கீரை முளைக்கும், கோடையில் தேடினாலும் கிடைக்காது. மலிவாகக் கிடைப்பதைத் தின்பதுதான் நம் வழக்கம். இதில் மட்டும் கரண்டிக் கணக்கு.

கொழுப்புக்கு டாக்டர் புதிதாக மாத்திரை எழுதினாலும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், சில வகைகள் எண்ணைக் கூட்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் எண்ணைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எண்ணை நன்றாகக் குறைக்கும். மேல்வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மூலிகைக் கஷாயம், பச்சிலைச் சாறு, உடம்பு இளைக்கும் பொடி எதையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் ஊசி போடப் போனாலும் முதலில் "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். கர்ப்பத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசுங்கள். நாள் தள்ளினால் உடனே போங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

ரத்தம் கசிவது: ஈறு, மூக்கில் ரத்தம் நிற்காமல் வருவது, சிறுநீர் சிவப்பாகப் போவது, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போவது, அடிபடாமல் நீலம் பாய்வது, மாதவிலக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போவது. தலையில் அடிபட்டால் ரத்தம் வராவிட்டாலும் போக வேண்டும்.

ரத்தம் கட்டுவது: வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, திடீரென்று மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டாலும் சரியாகிவிட்டது என்று விடக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

அன்று கூட்டத்தில் அந்தக் குழு மூன்று தீர்மானம் போட்டது. அக்காவின் பரிசோதனைத் தேதியைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் எழுதுவது. கையில் காசில்லாத மாதத்தில் பஸ் செலவுக்கும் பரிசோதனைக்கும் உள்கடனில் முன்னுரிமை கொடுப்பது. படிக்கத் தெரிந்த ஒரு உறுப்பினர் அக்காவின் நோட்டை எழுதித் தருவது. நோட்டில் நாலே கட்டம்: தேதி, ஐ.என்.ஆர். எண், மாத்திரை அளவு, சாப்பாட்டில் என்ன மாறியது. இந்த நாலாவது கட்டம்தான் முக்கியம். டாக்டருக்கு வேண்டிய சேதி அதில்தான் இருக்கிறது.

மூன்று மாதம் ஆகிறது. போன பரிசோதனையில் அக்காவுக்கு 2.9. கொழுப்பும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முருங்கைத் தழையை இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "எனக்கு மூணு கரண்டி போக மிச்சத்தைப் பால்வாடிக்குக் குடுத்துடறனுங்க" என்றார். இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

குழுவில் படித்துப் பேசுங்கள்

1. நம் குழுவில், நம் வீட்டில் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் யார்? அது எந்த வகை?
2. அவருடைய ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும்? கடைசியாக எப்போது பார்த்தார்?
3. நம் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது? ஆளுக்கு எவ்வளவு?
4. முகாமுக்குப் போகும்போது பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோகிறோமா?
5. பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறோமா?

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். சந்தேகம் இருந்தால் களப் பணியாளர் வரும்போது கேளுங்கள். மாத்திரை அளவைப் பற்றிய சந்தேகம் என்றால் எங்களிடம் அல்ல, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. சாப்பாட்டை அளவோடு வைத்துக்கொள்வதும், மாறினால் அவரிடம் சொல்வதும் நம் வேலை.